முதல் டம்ளர்

அந்தக் கண்ணாடிப் பாட்டிலில் முன்பு எலுமிச்சை ஸ்குவாஷ் இருந்தது. அது தீர்ந்தபின் அண்ணி அதைக் கழுவிக் காயவைத்து, சோற்றுப் பருக்கையை மசித்து ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் ஒட்டி, என் மார்க்கர் பேனாவை வாங்கி, ‘துடைக்க மட்டும். குடிக்காதே’ என்று எழுதினார். எட்டாவது வரை படித்தவர். அவர் கையெழுத்து குண்டு குண்டாக, ஓர் எழுத்துக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லாததுபோல் தள்ளித் தள்ளி நிற்கும். குளியலறைச் சுவரிலிருந்த சிமெண்டுத் தட்டில், சோப்புத்தூளுக்கும் பினாயிலுக்கும் நடுவில் அந்தப் பாட்டிலுக்கு இடம். உள்ளே இருந்தது பார்க்கத் தண்ணீர்தான். மூடியைத் திருகினால் மட்டும் மூக்கின் உச்சியில் ஊசி குத்தியதுபோல் இருக்கும். கோட்டூர்புரத்து வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஊரடங்கு நாட்களில், எங்கள் வீட்டுச் சமையலறையில் அண்ணன் காய்ச்சிய சாராயத்தின் முதல் டம்ளர் அது.

அண்ணன் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய பட்டறையில் இரும்பு கடையும் டர்னர் வேலை பார்த்தான். அவன் கை லேத்தில் பட்டால் இரும்பு தேங்காய்த் துருவல்போல உதிரும் என்று அவன் முதலாளியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊரடங்கு வந்ததும் பட்டறையை மூடினார்கள், மதுக்கடைகளையும் மூடினார்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்கு மூன்றாம் நாளே நடுக்கம் கண்டுவிட்டது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பான். பாதி தரையில் சிந்தும். எதிர் பிளாக்கில் ஒருவர் வார்னிஷில் தண்ணீர் கலந்து குடித்துச் செத்துப்போனதாகக் குடியிருப்பு முழுக்கப் பேச்சாக இருந்தது. அதைக் கேட்ட மறுநாள் அண்ணன் பரணிலிருந்து பெரிய பிரஷர் குக்கரை இறக்கினான். விசில் மாட்டும் துவாரத்தில் ஒரு செப்புக் குழாயை வைத்துப் பற்றவைத்தான். குழாயைச் சுருட்டி ஒரு தண்ணீர் வாளிக்குள் விட்டான். வெல்லம் கரைத்த ஊறலைப் பிளாஸ்டிக் குடத்தில் போட்டு, பழைய போர்வையால் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். இத்தனையும் செய்கிறபோது அவன் கை நடுங்கவில்லை. பற்றவைத்த இடத்தை எனக்குக் காட்டி, “ஒரு சொட்டு கசியுதா சொல்லு பாப்போம்” என்றான். கசியவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதன்முதலாகக் காய்ச்சிய அன்று, குழாய் முனையிலிருந்து சொட்டிய முதல் டம்ளரை அண்ணியிடம் நீட்டினான். “இது வெஷம். மொதல்ல வர்றத குடிச்சா கண்ணு பூடும். ஜாஸ்தி குடிச்சா ஆளே பூடுவான். சிங்க்ல ஊத்திடு” என்றான். பட்டறையில் யாரோ வயதானவர் சொல்லிக்கொடுத்தது அது. அண்ணி டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “இத்தினி வெல்லத்தக் கொட்டிட்டு, இதையும் ஊத்தணுமா?” என்றார். ஊற்றவில்லை. அப்படித்தான் அந்தப் பாட்டில் பிறந்தது.

கைக்குத் தடவும் திரவத்துக்குக் கடைகளில் மனிதர்கள் அடித்துக்கொண்ட நாட்கள் அவை. அண்ணி வாசலில் ஒரு பழைய துணியை அந்த ஸ்பிரிட்டில் நனைத்து வைத்திருப்பார். யார் வெளியே போய்வந்தாலும் கை, கதவுத் தாழ்ப்பாள், சாவி, செல்போன் எல்லாவற்றுக்கும் அதுதான். ஸ்விட்ச் போர்டைச் சுற்றிப் பல வருடங்களாகப் படிந்திருந்த கறுப்பு ஒரே மத்தியானத்தில் காணாமல் போயிற்று. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரின் பசை, அடுப்பு மேடைப் பிசுக்கு, மின்விசிறி இறக்கையின் எண்ணெய்த் தூசி, என் சட்டைப் பையில் பேனா கசிந்த கறை, பீரோக் கண்ணாடி எல்லாம் அதற்கு வழிவிட்டன. அதில் கொஞ்சம் எடுத்துக் கற்பூரத்தைக் கரைத்து மரக்கட்டிலின் இடுக்குகளில் விட்டார். மூட்டைப்பூச்சிகள் வெளியே வந்து விழுந்து செத்தன. தியாகராய நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன் நான். ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சு உரிந்துபோகும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன். ஆனால் அண்ணி என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, “இந்தா, போட்டுப் பாரு. ஒலகம் எப்டி பளபளன்னு கீது” என்று நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

அண்ணி பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். அவருடைய அம்மா கடலோரச் சாலையில் மீன் விற்பவர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்குச் சத்தமில்லாமல் பேசத் தெரியாது. அலைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. மூன்றாம் மாடியிலிருந்து கீரைக்காரரோடு நடத்தும் பேச்சு தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கும் பொழுதுபோக்காக இருக்கும். அண்ணன் முதல் தடவை அடித்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். குடியிருப்பே கேட்க அவர் சிரித்தாராம். வீட்டுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கன்னத்தில் அறைந்தான். அதன்பிறகு காரணங்கள் தேவைப்படவில்லை. குழம்பு, கரண்ட் போனது, பட்டறையில் யாரோ சொன்னது, அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது என்று எதுவும் போதுமானதாக இருந்தது. ஆறே மாதத்தில் அண்ணியின் குரல் எங்கள் வீட்டுச் சுவருக்குள் அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது.

எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. அந்த அறை எனக்கு. அண்ணனும் அண்ணியும் கூடத்தில். அண்ணன் அடிக்கத் தொடங்கினால் நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு வருடங்கள் ஆகியிருக்கின்றன. சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் காதைச் சாத்த முடியாது. உள்ளங்கை கன்னத்தில் விழும் சத்தம், புறங்கை விழும் சத்தம், முதுகில் முஷ்டி விழும்போது வரும் மொத்தையான சத்தம், பெல்ட்டின் வார் விழும் சத்தம், கொக்கி பட்டால் வரும் வேறு சத்தம், தலைமுடியைப் பிடித்து இழுக்கையில் கால் தரையில் தேய்வது என்று எல்லாம் எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தே அங்கே என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். எது முடிவுக்கு வருகிற சத்தம் என்றும் தெரியும். அது வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து, தண்ணீர் குடிக்க வருகிறவன்போல் வெளியே வருவேன். அண்ணி எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பார்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று இருந்தது. அப்பா செத்தபோது அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். நான் ஐந்தாவது. மறுவாரமே அவன் பட்டறைக்குப் போனான். எனக்குப் பள்ளிச் சீருடை, சைக்கிள், தொழிற்படிப்பு எல்லாம் அவன் கையில் குத்திய இரும்புத் தூள்களிலிருந்து வந்தவை. அம்மாவின் கடைசி நாட்களில் அவளைத் தூக்கிக் கழுவியதும் அவன்தான். அப்படிப்பட்டவனின் கையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொள்வேன். அது பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. எனக்கு அவனிடம் பயம். சிறுவயதில் அவன் என்னையும் அடித்திருக்கிறான். அண்ணி வந்த பிறகு என்னை அடிப்பதை விட்டுவிட்டான். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சாராயம் காய்ச்சத் தொடங்கிய பிறகு அடி கூடியது. முன்பு அவன் பட்டறைக்குப் போய்வருகிற நேரமாவது அண்ணிக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கடைச் சரக்குக்கு ஓர் அளவு உண்டு, இதற்கு இல்லை. குடத்தில் ஊறல் நுரைத்துக்கொண்டே இருக்கும். வீடு முழுக்க அழுகிய பழ வாடை. மாடிப்படியில் அந்த வாடையைப் பிடித்து இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் அவர்களுக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தான். அதோடு வாடையைப் பற்றி யாரும் பேசவில்லை. சத்தத்தைப் பற்றியும் பேசவில்லை.

ஒருநாள் காலை அண்ணியின் புருவத்துக்கு மேலே இரண்டு அங்குலத்துக்குத் தோல் பிளந்திருந்தது. மருந்துக் கடை தூரம். போனாலும் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். அண்ணி குளியலறைக்குப் போய் அந்தப் பாட்டிலை எடுத்துவந்தார். பஞ்சை நனைத்துக் காயத்தில் வைத்தார். பற்களுக்கிடையில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கண்ணிலிருந்து தானாக நீர் இறங்கியது. அழுகை இல்லை அது. அண்ணன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். “எரியுதா?” என்றான். அவன் குரலில் உண்மையான கரிசனம் இருந்தது, அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. அண்ணி பஞ்சை எடுக்காமலே, “நீ காச்சினதுதான. ஸ்டிராங்கா கீது” என்றார். அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டிலின் முக்கிய வேலை அதுவாகிவிட்டது. முழங்கை, உதடு, காது மடல். அவன் அடித்த இடத்தை அவன் வடித்ததை வைத்தே அண்ணி துடைத்தார். பாட்டில் குறையக் குறைய அடுத்த காய்ச்சலின் முதல் டம்ளர் அதில் வந்து சேர்ந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய சமயம். குடத்தில் போட்டிருந்த ஊறல் வெயிலில் கெட்டு, மேலே பாசிபோல் ஏதோ படர்ந்து புழு வைத்துவிட்டது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தான். வெல்லமும் இல்லை. இரண்டு நாள் அவன் வாயில் ஒன்றும் படவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். நான் என் அறையில் இருந்தேன். குளியலறைக் கதவு திறக்கும் சத்தமும், உடனே அண்ணியின் கால்கள் ஓடும் சத்தமும் கேட்டன.

“அத வையி. அது குடிக்கறதுக்கு இல்ல” என்றார் அண்ணி.

“எனக்குத் தெரியும். தண்ணி ஊத்தி கொஞ்சமா குடிச்சா ஒண்ணும் ஆவாது.”

“நீதானய்யா சொன்ன, கண்ணு பூடும்னு. எத்தினி தபா காச்சினது எல்லாம் அதுல சேந்து கீது. வுடு.”

அவன் பாட்டிலை எடுப்பதற்குள் அண்ணி எடுத்துவிட்டார் என்பது சத்தத்திலிருந்து தெரிந்தது. பிறகு வழக்கமானவை. புறங்கை. முஷ்டி. தலை சுவரில் மோதும் சத்தம், ஒன்று, இரண்டு. பாட்டில் உடையும் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. அடி விழுகிறபோதெல்லாம் அண்ணி பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார். நான் கதவைச் சாத்தியிருந்தேன்.

அப்புறம் எல்லாம் நின்றது. முடிவுக்கு வருகிற சத்தம் இல்லாமலே நின்றது. எனக்குப் பழக்கமில்லாத அமைதி அது. எழுந்து போய்க் கதவை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தேன்.

அண்ணன் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டிருந்தான். உடம்பு முழுக்க உதறியது. எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மேலே நீட்டியிருந்தான். “ஒரே ஒரு டம்ளரு. செத்துப்பூடுவேன் போலகீது. உன் கால்ல வுழறேன், ஊத்துடி” என்றான். அண்ணி சிங்க்கில் சாய்ந்து நின்றிருந்தார். உதட்டிலிருந்து ரத்தம் தாடைக்கு இறங்கி, கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கையில் பாட்டில். மூடி திறந்திருந்தது. தாளில் அவர் எழுதிய எழுத்துகள் அண்ணன் பக்கம் பார்த்தபடி இருந்தன.

அண்ணி ஊற்றவும் இல்லை, ஊற்றாமல் விலகவும் இல்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.   பிறகு தலையை நிமிர்த்தினார். கதவிடுக்கில் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியும். இப்படிக் குடித்துக் கண் பார்வை போனவர்களின் கதைகளை எங்கள் கடைக்கு வரும் கண் டாக்டர் சொல்லக் கேட்டவன் நான். வேண்டாம் என்று நான் தலையசைத்திருக்கலாம். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அசையவில்லை. அந்த நொடியில் என் மனதில் இருந்ததை மறைத்து இந்தக் குறிப்பை எழுதினால் இதற்கு அர்த்தமில்லை. ஊற்றட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்காகத் தன் படிப்பை விட்டவன், அம்மாவைத் தூக்கிக் கழுவியவன், அவன் குடித்துவிடட்டும், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அண்ணி திரும்பினார். பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்த்தார். அது கடகடவென்று இறங்கியது. வீடு முழுக்க அந்த ஊசி வாடை எழுந்தது. கடைசிச் சொட்டு விழும்வரை கையை அசைக்காமல் நின்றார்.

அண்ணன் அடுப்பு மேடையிலிருந்த குக்கர் மூடியை எடுத்தான். அதில் செப்புக் குழாய் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சுழற்றினான். அது விழுந்த சத்தம் எனக்குத் தெரியாத சத்தம். நான் வெளியே வந்தது வீரத்தால் இல்லை என்று சொல்வதற்காகவே இதைச் சொல்கிறேன். மூன்று வருடம் கேட்டுப் பழகியதில் அந்த ஒரு சத்தம் இல்லை; அதனால்தான் வந்தேன். அண்ணியின் இடது காது பாதி கிழிந்து தொங்கியது. அவர் இடது கையைத் தூக்க முயன்றார். தோள் தனியாகவும் கை தனியாகவும் போயின. இரண்டாவது தடவை மூடி மேலே எழுந்தபோது குக்கரின் அடிப்பாகம் என் கையில் இருந்தது. அண்ணனின் வலது மணிக்கட்டில் அடித்தேன். மூடி கீழே விழுந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டேய் என்றுகூடச் சொல்லவில்லை. நான் மறுபடியும் அதே இடத்தில் அடித்தேன். மூன்றாவது தடவையும் அடித்தேன். மூன்றாவது அடிக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. அவன் அதற்குள் தரையில் கிடந்தான்.

அண்ணியின் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, அவர் வலது கையை என் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து மூடின. வெளியே சாலையில் ஆள் இல்லை, வண்டி இல்லை. வெயிலில் தார் பளபளத்தது. அடையாற்றுப் பாலத்தின் முனையில் தடுப்பு வைத்து இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு பெண் ஏட்டும் குடையின்கீழ் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலேயே ஒருவர் எழுந்து லத்தியை ஆட்டினார். கிட்டே போனதும் ஏட்டம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

“இன்னாம்மா ஆச்சு?”

“பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேம்மா” என்றார் அண்ணி. அந்த நிலையிலும் அது தயாராக வந்தது. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்ன வாக்கியம்.

ஏட்டம்மா என்னைப் பார்த்தார். “அப்டியா?”

“இல்ல. எங்க அண்ணன் அடிச்சான்” என்றேன். “மூணு வருஷமா அடிக்கிறான்.”

அண்ணி என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். கீழே விழப்போகிறார் என்று நினைத்துப் பிடிக்கப் போனேன். விழவில்லை. தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தானாக நின்றார். ஏட்டம்மா வாக்கி டாக்கியில் வண்டி கேட்டார். வண்டி வரும்வரை தன் தண்ணீர் பாட்டிலை அண்ணியின் வாயில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையில் காதைத் தைத்தார்கள். செவிப்பறை போய்விட்டது, அந்தக் காது இனி கேட்காது என்றார்கள். காறை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. போலீஸ் எங்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தானாம், பக்கத்தில் குழாயும் குக்கரும். முதலில் எழுதிய வழக்கு சாராயம் காய்ச்சியதற்குத்தான். மற்றொன்றை எழுதவைக்க அண்ணி கட்டுப்போட்ட தோளோடு மூன்று முறை நிலையத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். சாட்சி சொன்னேன். சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு அண்ணன் ஜாமீனில் வந்தான். விவாகரத்து கிடைத்தது. அண்ணி அம்மா வீட்டுக்கே போய்விட்டார். மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அன்று, வீட்டிலிருந்து என்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்டேன். “என் எட்டாவது மார்க்கு ஷீட்டு பீரோவுல கீது. அது மட்டும்” என்றார்.

அண்ணனும் நானும் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அவன் வலது மணிக்கட்டு வளையாது. லேத்துக்கு அந்தக் கை உதவாது. நந்தனத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலுக்கு இருக்கிறான். கடைகள் திறந்துவிட்டன, குடிக்கிறான், முன்பு போலில்லை. நான்தான் சமைக்கிறேன். சென்ற மாதம் ஒருநாள் பரணிலிருந்து எதையோ எடுக்க நான் சட்டென்று கையைத் தூக்கியபோது, கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை விட்டுவிட்டு முகத்தை மறைத்துக்கொண்டான். அது அண்ணி மறைப்பதைப் போலவே இருந்தது. முழங்கையை உயர்த்தி, தலையைத் தோளுக்குள் இழுத்து. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன் வேறொன்று வந்தது, கொஞ்சம் இனிப்பாக. கையை மெதுவாக இறக்கினேன். வேண்டுமென்றே மெதுவாக இறக்கினேன். அன்றைக்கு இரவெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கம் போனேன்.

அண்ணி இப்போது அவர் அம்மாவின் இடத்தில் மீன் விற்கிறார். அவருடைய பழைய குரல் திரும்பி வந்திருக்கிறது. ஒரு காதில் கேட்காததால் இன்னும் சத்தமாகவே பேசுகிறார். என்னைப் பார்த்ததும், “வா தம்பி. எளச்சிட்டியே, ஒயுங்கா துன்றியா இல்லியா?” என்றார். பக்கத்தில் ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையைக் காட்டினார். உட்கார்ந்தேன். அண்ணன் எப்படியிருக்கிறான் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ஒரு பெண்ணுக்குச் சங்கரா மீனைச் செதில் தேய்த்துக் கொடுத்து அனுப்பும்வரை காத்திருந்து, நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவன் கேட்டானே, நீங்கள் ஏன் ஊற்றவில்லை என்றேன். ஊற்றியிருந்தால் காதும் தோளும் உங்களுக்கு இருந்திருக்கும் என்றேன்.

அண்ணி கத்தியைத் தண்ணீரில் அலசினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை.

“ஊத்தலாம்னுதான் மூடிய தொறந்தேன். பொய் சொல்ல மாட்டேன்” என்றார். “அப்பதான் உன்ன பாத்தேன். கதவாண்ட நின்னுகினு இருந்த. ஊத்து ஊத்துன்னு உன் கண்ணு சொல்லிச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எனக்கு அப்டியே வவுறு எரிஞ்சிச்சு தம்பி. மூணு வருஷம் பக்கத்து ரூம்ல இருந்த. ஒருநாள் வந்து அவன் கைய புடிக்கல. இப்ப அவன் சாவணும், ஆனா நீ ஒண்ணும் பண்ணாம சாவணும். நான் ஊத்திட்டு ஜெயிலுக்குப் போவேன், நீ கண்ணாடி போட்டுகினு கடைக்குப் போவ. அவன் அடிக்கறதுக்கும் நாந்தான், நீ அவன்கிட்டேந்து தப்பிக்கறதுக்கும் நாந்தானா? போங்கடான்னு கவுத்துட்டேன்.”

அதைச் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்.   கடல் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஐஸ் பெட்டிகளை இறக்கினார்கள். அண்ணி எழுந்து புடவையைச் செருகிக்கொண்டு, “சும்மாதான குந்திகினு கீற, அத தூக்கி மேல வையி” என்று ஒரு பெட்டியைக் காட்டினார். தூக்கி மேடைமேல் வைத்தேன். அவருடைய இடது கை இப்போதும் அந்த உயரத்துக்கு எழும்புவதில்லை.